பதினெட்டு நாள் ஓட்டம், ஒரே நாள் சரிவு

நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எட்டு தடவை தலை விழலாம். ஆயிரம் முறை சுண்டினால் எண்ணூறு தலை விழாது. முயற்சி கூடக்கூட அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அடங்கிவிடும். இந்தக் கணக்குப்படி டூர் டி பிரான்ஸ், ஜிரோ டி இத்தாலியா, ஸ்பெயினின் வுவெல்ட்டா ஆகிய மூன்று வார சைக்கிள் பந்தயங்களைக் கணிப்பது சுலபமாக இருக்க வேண்டும். 21 நாள் ஓட்டம், நடுவே இரண்டு நாள் ஓய்வு, சுமார் 3,400 கிலோமீட்டர். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். இவ்வளவு நீளத்தில் பலசாலிதானே ஜெயிக்க வேண்டும்?

பல ஆண்டுகள் அப்படித்தான் நடக்கிறது. 1991 முதல் 1995 வரை மிகேல் இந்துராயின் தொடர்ந்து ஐந்து டூர்களை வென்றார். ஆனாலும் பதினெட்டு நாள் ஓடிய பிறகு எல்லாம் தலைகீழாவதும் வழக்கமாக நடக்கிறது. நாணயக் கணக்கு எங்கே உடைகிறது?

முதலில், 21 நாள் என்பதே கொஞ்சம் ஏமாற்று. சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றுக்காகச் செலவிடும் திறன் எட்டு மடங்காகும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒண்டிக்கொண்டால் இந்தச் செலவு சடாரென்று குறையும். பெரிய கூட்டத்தின் நடுவில் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனின் குழுவினர் 2018-ல் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டினார்கள். ஆகவே சமதள நாட்களில் உலகின் மிகச்சிறந்த வீரரும் நூறாவது வீரரும் ஒன்றாகவே வந்து சேர்வார்கள். ஒரே கூட்டமாக வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரம் என்பது விதி. அன்றைக்கு யார் பலசாலி என்று எதுவும் தெரியாது. மலையில் வேகம் குறைந்து, காற்றை விட ஈர்ப்புவிசை பெரிய எதிரியாகும்போதும், ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு மோதும் டைம் டிரையலிலும்தான் வித்தியாசம் வெளியே வரும். அப்படிப்பட்ட நாட்கள் ஒரு பந்தயத்தில் பாதிகூட இருப்பதில்லை. சராசரி எடுக்க நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது. இங்கே லாபமும் நஷ்டமும் ஒரே அளவில் இல்லை. நல்ல நாளில் ஒருவர் போட்டியாளரைவிட அரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் சம்பாதிப்பார். கெட்ட நாளில் அரை மணி நேரம்கூடப் போய்விடலாம்.

2018 ஜிரோவில் சைமன் யேட்ஸ் 13 நாள், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் பிங்க் ஜெர்சியில் இருந்தார், மூன்று நாள் ஓட்டங்களை வென்றிருந்தார். பதினெட்டாம் நாள் கடைசி ஏற்றத்தில் 28 நொடி இழந்தார். வெளியே தெரிந்த அறிகுறி அவ்வளவுதான். மறுநாள் கொலே டெல்லே ஃபினெஸ்த்ரே என்ற மலை. 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், கடைசி எட்டு கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. அங்கே நொறுங்கிய அவர் அன்று 38 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். அதே மலையில் 80 கிலோமீட்டர் மீதியிருக்கும்போது தனியாகப் பிரிந்த கிறிஸ் ஃப்ரூம், மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்த பின்னடைவை ஒரே நாளில் துடைத்து ஜிரோவையே வென்றார்.

இப்படி உடம்பு திடீரென்று கைவிடும் நாளை பிரெஞ்சுக்காரர்கள் ‘ஜூர் சான்’ என்பார்கள், ‘இல்லாத நாள்’ என்று பொருள். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கிலோகலோரி தரும். மலை நாளில் செலவு 5,000-ஐத் தாண்டும். ஓட்டிக்கொண்டே சாப்பிட்டாலும் குடல் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து வரைதான் ஏற்றுக்கொள்ளும், அதாவது 500 கிலோகலோரிக்கும் கீழே. மீதியைக் கொழுப்பு ஈடுகட்ட வேண்டும், அது மெதுவாக எரியும் விறகு. இரவில் கிடங்கு முழுதாக நிரம்பாமல் போனால் குறை மறுநாளுக்குத் தொடரும். மூன்றாம் வாரத்தில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் இதயத்துடிப்பு பழைய உயரத்துக்கு ஏறாது. நாணயத்துக்குக் களைப்பு கிடையாது, முந்தைய நாள் சுண்டியது நினைவில் இருக்காது. வீரருக்கு இரண்டும் உண்டு.

விபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைப் பெரிய சேதமில்லாமல் கடக்க 97 சதவீத வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பரவாயில்லையே என்று தோன்றும். 21 நாளுக்குத் தொடர்ந்து பெருக்கினால் 53 சதவீதம்தான் மிஞ்சும். 2016 ஜிரோவில் மூன்று நிமிட முன்னிலையோடு இருந்த ஸ்டீவன் கிராய்ஸ்வைக், பத்தொன்பதாம் நாள் ஓர் இறக்கத்தில் பனிச்சுவரில் மோதினார். கடைசியில் நான்காம் இடம்.

இதெல்லாம் ஒருவர் உடம்போடும் சாலையோடும் முடிகிற விஷயம். அப்புறம் மற்றவர்கள் இருக்கிறார்களே! 2025 ஜிரோவில் மீண்டும் அதே ஃபினெஸ்த்ரே, கடைசி நாளுக்கு முந்தைய நாள். ஐசக் டெல் தோரோ முதலிடம், 43 நொடி பின்னால் ரிச்சர்ட் கராபாஸ், 1 நிமிடம் 21 நொடி பின்னால் யேட்ஸ், ஏழு வருடத்துக்கு முன் இங்கே நொறுங்கிய அதே யேட்ஸ். அவர் ஏற்றத்தில் பிரிந்து போனார். துரத்துவது யார்? டெல் தோரோ முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு இழுத்தால் கராபாஸ் அவர் பின்னால் சும்மா வந்து கடைசியில் தாக்குவார். கராபாஸ் இழுத்தால் அந்த உழைப்பில் டெல் தோரோ குளிர்காய்வார். தனித்தனியாகப் பார்த்தால் சும்மா இருப்பதே இருவருக்கும் புத்திசாலித்தனம். அதனால் இருவருமே மனசார இழுக்கவில்லை. முன்னால் போயிருந்த யேட்ஸின் அணித்தோழர் வவுட் வான் ஆர்ட் மலைக்கு அப்பால் காத்திருந்து அவருக்காகக் காற்றை உடைத்தார். யேட்ஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் சம்பாதித்து, மொத்தத்தில் 3 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில் ஜிரோவை வென்றார்.

டெல் தோரோவுக்கும் கராபாஸுக்கும் நடுவே முடிவில் 47 நொடி. அன்று காலை இருந்ததைவிட நான்கே நொடி அதிகம்.