18 வயது முடிந்த பிள்ளைக்கு வீட்டுப் பராமரிப்பு: பெற்றோர் கேட்டு வாங்க வேண்டியவை

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், சட்டப்படி அப்பா அம்மா அந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலர் இல்லை. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அதே அம்மாதான். ஆனால் வங்கியில் பணம் எடுக்கப் போனால், கணக்கு பையன் பெயரில் இருக்கிறது, அவன் கையெழுத்து வேண்டும் என்பார்கள். பல வீடுகளில் விஷயம் அப்போதுதான் தெரியவருகிறது.

இதற்கு வழி 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. மேலே சொன்ன மூன்றோடு பல்வகைக் குறைபாடும் இதில் சேரும். பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம், இவர்களில் யாரும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் குழு விசாரித்துப் பாதுகாவலர் சான்று தரும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிக்குத் தரப்படும் தனித்துவ அடையாள அட்டையைக் (UDID) கையோடு கொண்டுபோங்கள்.

18 ஆனதுமே எல்லாருக்கும் இந்தச் சான்று வாங்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பார்த்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த மாற்றுத்திறனாளியையும் கலந்து பேசி, குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும் துணை நிற்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலுக்கு வழி செய்கிறது. கொஞ்சம் உதவி இருந்தால் தானே முடிவு எடுக்கக்கூடிய பெண்ணுக்கு அது போதும். தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் உரிமையை நம் வசதிக்காக அவளிடமிருந்து வாங்கிவிடக் கூடாது.

பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்து விவரத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், அப்புறம் ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். சரியாகக் கவனிக்காவிட்டாலும் சொத்தைச் சுருட்டினாலும் அவரை நீக்கச் சொல்லி உறவினர் புகார் கொடுக்கலாம். நமக்குப் பிறகு யார் என்று அண்ணன் தங்கைகளிடம் பேசும்போது இதையும் சொல்லி வையுங்கள்.

சரி, பணம்? தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023-க்கு முன் அது 1,500 ஆக இருந்தது. உயர் ஆதரவு தேவைப்படுகிறவர்களின், அதாவது அன்றாடக் காரியங்களுக்கு அதிகமாகப் பிறர் துணை வேண்டியவர்களின், உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. நாள் முழுக்க ஆள் வைத்துப் பார்க்க இது எந்த மூலைக்கும் போதாது. ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவச் செலவுக்கு, 1999 சட்டப்படி அமைந்த மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. மருத்துவமனையில் சேர்க்காமல் பார்க்கும் சிகிச்சைக்கும் தெரபிக்கும்கூடச் செலவைத் திரும்பக் கேட்கலாம். அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

உயர் ஆதரவு தேவை என்று விண்ணப்பிக்க 2016 சட்டத்தின் 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. மதிப்பீட்டுக் குழுவின் முன் போகும்போது "எல்லாத்துக்கும் நான்தான் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: பல் தேய்த்துவிட எவ்வளவு நேரம், கழிப்பறைக்குத் தூக்கிப்போக எத்தனை பேர், ராத்திரி எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள், வலிப்பு எப்போது வந்தது. மருத்துவச் சான்றில் உள்ள குறைபாட்டுச் சதவீதம் இதையெல்லாம் சொல்லாது.

வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்கத் தங்கும் இல்லங்களுக்குத் தேசிய அறக்கட்டளை உதவுகிறது. ஆனால் இன்ன இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2016 சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள், சாப்பாட்டு வேளையில் போங்கள். யார் ஊட்டுகிறார்கள், எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.