கைவிடப்பட்ட நாஸ் பெட்டிக்கு மாற்று தேடுகிறவர்களுக்கு

வீட்டு ரவுட்டரோடு இணைத்து, குடும்பத்தின் படங்களையும் ஆவணங்களையும் ஒரே இடத்தில் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை, அந்த வரிசையையே நிறுவனம் கைவிட்டுவிட்டது யாருக்கும் தெரிவதில்லை. என்னைக் கூப்பிடுவது வேறு காரணத்துக்கு. "புதுக் கணினி வாங்கினோம் அண்ணாச்சி, அதில் பெட்டியே தெரியவில்லை."

பெட்டி கெடவில்லை. பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு கணினியோடு கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017 இறுதியிலிருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸில் அது பெரும்பாலும் இயல்பாக இருப்பதில்லை. அந்த ஆண்டு மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை நிரல் பரவியது அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதைத் திரும்ப இயக்கிக் கொடுத்துக் கூலி வாங்குவது எளிது, நான் செய்வதில்லை.

இப்படிக் கைவிடப்பட்டவை பல. ஆப்பிளின் டைம் கேப்ஸ்யூல் 2018-இல் நின்றது. நெட்கியர் 2022-இல் ரெடிநாஸ் வரிசையை விட்டது. நாஸ் பெட்டிகள் செய்துவந்த டிரோபோ அதே ஆண்டு திவால் மனு போட்டது. கடையில் கிடைக்காமல் போவது பெரிய சங்கதி இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவதுதான் வினை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கடைசியாகத் திருத்தம் பெற்றது 2015-இல். 2021 ஜூனில் இணையம் வழியாக யாரோ ஏவிய கட்டளையில் உலகெங்கும் அந்தப் பெட்டிகள் துடைத்து எடுக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் டி-லிங்கின் பழைய நாஸ்களில், கடவுச்சொல்லே இல்லாத ஒரு மறைகணக்கு இருப்பது வெளியானது. நிறுவனத்தின் பதில்: திருத்தம் வராது, தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

மேலப்பாளையத்தில் ஒரு வீடு. மகன்கள் இருவரும் துபாயில். வீட்டு விசேஷப் படங்களை அங்கிருந்தே பார்க்க, யாரோ ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பெட்டியை நேரே இணையத்தில் விட்டிருந்தார்கள். பெட்டியின் முதுகில் ஒட்டிய தாளில் பாஸ்வேர்டு. அதுவும் பெட்டியோடு வந்ததேதான். "நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி?" என்றார் பெரியவர். ஓடுகிறது பாய், கதவில்லாத வீட்டில் ஓடுகிறது என்றேன். அந்த போர்ட்டை அடைத்த பிறகுதான் புதுப் பெட்டி பற்றிப் பேச்சையே எடுத்தேன். உங்கள் வீட்டிலும் அதுதான் முதல் வேலை.

புதியதை வாங்கும்போது எல்லோரும் கேட்பது எத்தனை டெராபைட், என்ன விலை. நான் கேட்பது, நாளைக்கு இந்த நிறுவனமும் கைவிட்டால் என் கோப்புகளை எப்படி வெளியே எடுப்பது? டிஸ்கைக் கழற்றி ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் திறக்க வேண்டும். மை புக் லைவில் இதிலும் சிக்கல் இருந்தது. அதன் கோப்பு முறைமை 64 கிலோபைட் தொகுதிகளால் ஆனது. சாதாரண கணினியின் லினக்ஸ் அதை நேரே ஏற்காமல், தனி மென்பொருள் வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

எந்த நிறுவனத்தின் டிஸ்கையும் பெட்டி ஏற்கிறதா என்றும் பாருங்கள். சினாலஜி 2025-இல் தன் பிளஸ் வரிசையின் புது மாதிரிகளில் தான் அங்கீகரித்த டிஸ்குகள்தான் வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் இறங்கிவந்தது. டிஸ்கில் ஒரே எச்சரிக்கை: எஸ்எம்ஆர் வகை வேண்டாம். ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால், பழுதான டிஸ்கை மாற்றி ரெய்டை (ஒரு டிஸ்க் போனாலும் கோப்புகள் தப்பும்படி பல டிஸ்குகளைச் சேர்த்த ஏற்பாடு) திரும்பக் கட்டும்போது இழுவையோ இழுவை. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிஸ்குகள் சிலவற்றில் இது சொல்லாமல் புகுத்தப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தது. ரெட் பிளஸ், சீகேட் ஐயன்வுல்ஃப் இரண்டும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதான்.

இரண்டு டிஸ்க் போட்டுவிட்டால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். தவறுதலாக அழித்த படம் இரண்டிலும் சேர்ந்தே அழியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை ஏறியதைப் பார்த்த ஊர் நம்முடையது. தரைத்தளத்துப் பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தால் என்ன? ஒரு யூஎஸ்பி டிஸ்கில் பிரதி எடுத்து அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ இருக்கும் சொந்தக்காரர் பீரோவில் வையுங்கள். ஐப்பசி இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும், யூபிஎஸ் கட்டாயம். அதன் யூஎஸ்பி கம்பியை நாஸில் செருகிவைத்தால், பேட்டரி தீருமுன் பெட்டி தானே முறையாக அணைந்துகொள்ளும். அந்தக் கம்பி பெரும்பாலான வீடுகளில் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

கோப்புகளைப் புதுப் பெட்டிக்கு மாற்றியதும் பழையதை அழிக்காதீர்கள். சில படங்களையும் வீடியோக்களையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். கோப்புப் பெயர் தெரிவதாலேயே உள்ளே சரக்கு இருக்கிறது என்று ஆகாது. இரண்டு மூன்று மாதம் பழைய டிஸ்க் அலமாரியில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே போடாதீர்கள். ஆதார் நகல், நிலப் பத்திரம் எல்லாம் அதில்தானே இருக்கின்றன? முழு டிஸ்கையும் மேலெழுதி அழியுங்கள். அது ஓடவே ஓடாது என்றால், துளைப்பான் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, உள்ளிருக்கும் தட்டுகள்வரை இரண்டு மூன்று துளை போடச் சொல்லுங்கள்.