கீழே கிடக்கும் காக்கைக் குஞ்சின் வாயைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் நாய், பூனைகளுக்கு நடுவே காக்கைக் கேஸ்களும் வர ஆரம்பித்துவிடும். வருகிற போன்களில் பாதிக்கு ஒரே கேள்வி. "டாக்டர், கோலம் போடப் போனேன், காக்கா தலையில கொத்திட்டுப் போயிடுச்சு. சனி புடிச்சிருச்சுன்னு சொல்றாங்களே?" சனி பகவான் என் பாடத்தில் இல்லை. வாசல் மரத்தில் கூடு இருக்கிறதா, கீழே குஞ்சு ஏதாவது தத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் இருக்கும்.

மீதிப் பாதி, அந்தக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே பேசுகிறவர்கள்.

போன வருஷம் வைகாசியில் ஒரு கல்லூரிப் பையன் கறுப்புத் துண்டில் குஞ்சைச் சுற்றி எடுத்து வந்தான். நெற்றியில் ரத்தக் கீறல். "காப்பாத்தத்தான் சார் எடுத்தேன். பத்துப் பதினஞ்சு காக்கா தெருமுனை வரைக்கும் தொரத்துது." குஞ்சின் அலகை மெல்லப் பிரித்தேன். உள்ளே நல்ல சிவப்பு. கண் சாம்பல் கலந்த நீலம். இறக்கையிலும் காலிலும் ஒரு குறையுமில்லை.

வளர வளர வாயின் சிவப்பு கறுத்துப்போகும், கண்ணும் கரும்பழுப்பாகும். ஆகவே வாய் சிவந்து, உடம்பெல்லாம் இறகு முளைத்திருந்தால், அது பறக்கப் பழகும் குஞ்சு. நோயாளி அல்ல. ஏறக்குறைய நான்கு வாரத்தில் கூட்டைவிட்டு இறங்கி, சில நாள் மதில், தரை, தாழ்ந்த கிளை என்று தத்தித் திரியும். தாயும் தகப்பனும் அங்கேயே வந்து ஊட்டும். நாயும் பூனையும் நெருங்காத மதில்மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ரத்தம் இருந்தாலோ இறக்கை தொங்கினாலோதான் எங்களிடம் வர வேண்டும். (சில நேரம் வருவது குயில் குஞ்சாக இருக்கும். நம் பக்கத்துக் குயில் குஞ்சும் கறுப்புதான். ஊட்டி வளர்க்கும் காக்கையே ஏமாறுகிறது, நாம் எம்மாத்திரம்!)

தயவுசெய்து வாயில் பால் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. சொட்டு சொட்டாக விட்டாலும் நுரையீரலுக்குப் போய்விடும். என் மேஜையில் செத்த குஞ்சுகளில் பல, விழுந்து செத்தவை அல்ல.

சரி, பையனை ஏன் துரத்தின? குஞ்சை எடுத்தது ஒரு காரணம். கறுப்புத் துண்டு இன்னொன்று. ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசு வாங்கியவர், காக்கை இனத்தைச் சேர்ந்த ஜாக்டா பறவைகளை வளர்த்தார். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, நனைந்த கறுப்பு நீச்சல் உடையைப் பையிலிருந்து இழுத்தார். அவர் கையிலேயே வளர்ந்த பறவைகள் அந்தக் கையைக் கொத்தித் தள்ளின. கறுப்பாக ஏதோ துவண்டு தொங்கினால், 'நம்மாளைப் பிடித்துவிட்டான்' என்பதுதான் அவற்றின் கணக்கு. இறகு முளைக்காத குஞ்சை அவர் எடுத்தபோது பேசாமல் இருந்தவை, இறகு கறுத்ததும் பாய்ந்தனவாம்.

மொட்டைமாடியில் வடாம் காய வைத்துவிட்டுப் பக்கத்தில் கறுப்புத் துணியைக் கட்டும் பாட்டிகளுக்கு இந்தச் சூட்சுமம் எப்போதோ தெரியும். சிலர் செத்த காக்கையையே தொங்கவிடுகிறார்கள். அது மட்டும் வேண்டாம். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் கொத்தாக விழுந்தது பறவைக் காய்ச்சலால். செத்த காக்கையை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

அடிபட்ட குஞ்சை எடுத்தே ஆகவேண்டுமென்றால் வெளிர்நிறத் துணியால் மூடி, அட்டைப்பெட்டியில் வையுங்கள். எதுவும் வெளியே தொங்க வேண்டாம்.

இன்னொரு நிறமும் அடிக்கடி வரும்: இறக்கையில் வெள்ளைப் பட்டை. 'அதிர்ஷ்டக் காக்கா' என்று இரண்டு மாதம் வீட்டில் வைத்து இட்லியும் பால் பிஸ்கட்டுமாகப் போட்டு வளர்த்த ஒன்றைப் பார்த்தேன். பிறவியிலேயே வெள்ளையாகப் பிறக்கும் காக்கைகள் உண்டு, அது வேறு. இங்கே நடந்தது புரதப் பற்றாக்குறை. இறகுக்கு வலுவைத் தருவதில் கறுப்பு நிறமிக்கும் பங்குண்டு. அது இல்லாத இடத்தில் இறகு சீக்கிரம் தேய்ந்து ஒடியும். அந்தக் காக்கையால் மேஜையிலிருந்து அலமாரி வரைகூடப் பறக்க முடியவில்லை.

கல்லூரிப் பையன் அன்று மாலையே குஞ்சை வெள்ளைத் தலையணை உறையில் கொண்டுபோய் அதே மதில்மேல் விட்டான். ஆனால் காக்கைகள் அவனை விடவில்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006இல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு காக்கைகளைப் பிடித்தார்கள். பிறகு யார் அதே முகமூடியோடு போனாலும், என்ன சட்டை போட்டிருந்தாலும், காக்கைகள் சூழ்ந்து கத்தின. பையன் துண்டை மாற்றலாம், சட்டையை மாற்றலாம், முகத்தை என்ன செய்வான்? ஆனி முடியும்வரை தெருமுனையை ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் தாண்டினானாம், நடந்து போகும்போதும்.