ஏ பி சி டி தெரியும், தண்ணி கேட்கத் தெரியாது

போன கிழமையும் ஒரு பெடியன் வந்தான். வயது மூன்றரை. துணுக்காய்ப் பக்கமிருந்து அம்மா இரண்டு பஸ் மாறிக் கூட்டிவந்திருந்தார் (ஊரையும் வயதையும் மாற்றித்தான் எழுதுகிறேன், யாரும் தேட வேண்டாம்). கதிரையில் ஏறி இருந்தவுடனேயே சுவரில் இருந்த படத்தைப் பார்த்து "ரெட், புளூ, யெல்லோ" என்றான். பிறகு யாரும் கேட்காமலே ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணினான். அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. "கெட்டிக்காரன் மிஸ், எல்லாம் போன்ல பார்த்துத் தானாப் பழகினவன். கதைக்கிறதுதான் கொஞ்சம் குறைவு." கொஞ்ச நேரத்தில் பெடியனுக்குத் தண்ணீர் விடாய்த்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் போத்தலின் மேல் வைத்தான். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நான் பேச்சு, மொழிச் சிகிச்சை செய்கிறவள். முன்பெல்லாம் இப்படி இடைக்கிடை ஒரு பிள்ளை வரும். இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எந்தப் பக்கமிருந்தும் வருகிறது, எல்லா அம்மாமாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். பொறுக்கமாட்டாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை வாசித்துவிட்டு மாமிமார் மருமகளைத் திட்டப் புறப்பட்டுவிடுவார்கள். பேச்சுப் பிந்துவது எல்லாம் போனால் வருவதில்லை. காது கேட்காமல் இருக்கலாம், ஓட்டிசமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். சொல்லாமல் கையை இழுத்துக் காட்டுகிற பிள்ளையை நாங்கள் வேறு பக்கத்தாலும் பார்க்க வேண்டியிருக்கும், அது தனிக்கதை. விடிய எழும்பிக் கூலி வேலைக்குப் போய், பின்னேரம் வந்து அடுப்பு மூட்டுகிற, வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இல்லாத தாய் கொஞ்ச நேரம் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு உலை வைத்தால் நான் வாயே திறக்கமாட்டேன். என் சண்டை, அந்தப் போன் பிள்ளைக்குக் கதைக்கச் சொல்லிக்கொடுக்கிறது என்கிற நம்பிக்கையோடுதான்.

சொல்லிக்கொடுப்பதில்லை. 2003இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளோடு சீனத்து மண்டரின் மொழி பேசுகிற ஆட்கள் நேரே இருந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள், ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், மொத்தம் 12 முறை. இன்னொரு பகுதிக்கு அதே ஆட்கள், அதே விஷயம், ஆனால் திரையில். வேறு சில குழந்தைகளுக்கு ஒலி மட்டும். நேரே கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்துப் பிடித்தன. திரையில் பார்த்தவையும் ஒலி மட்டும் கேட்டவையும், மண்டரின் ஒரு நாளும் கேட்காத குழந்தைகள் மாதிரியே இருந்தன.

அதே ஆள், அதே சொல். நேரே இருக்கிற ஆள் பிள்ளை பார்க்கிற பக்கம் பார்ப்பார், பிள்ளை "ஊ" என்றால் நிறுத்திக் கேட்பார், பதில் சொல்வார். திரை பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். "ஆனா மிஸ், இது தமிழ் கார்ட்டூன்தான்" என்பார்கள். தமிழாக இருந்தால் மட்டும் அது பிள்ளைக்குப் பதில் சொல்லுமா? "இது படிப்பிக்கிற வீடியோ." படிப்பிக்கிறது என்று மேலே எழுதியவர்கள் அதை விற்கிறவர்கள். "நாங்களும் பக்கத்திலதான் இருக்கிறம்." பக்கத்தில் இருந்து நீங்கள் உங்கள் போனைப் பார்த்தால் அது கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதையும் கேளுங்கள்: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. பிள்ளை ஓடித்திரியாமல் சும்மா இருக்கிற நேரத்தில் என்ன செய்வது என்றும் அதிலேயே இருக்கிறது. பெரியவர்கள் சேர்ந்திருந்து வாசியுங்கள், கதை சொல்லுங்கள்.

இதைச் சொன்னால் அடுத்த வசனம் தயாராக இருக்கும். "எனக்குக் கதை சொல்ல வராது மிஸ்."

வன்னியில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்களே என்பதுதான் எனக்கு ஏறுகிற கோபம். வைகாசிப் பொங்கலுக்கு வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகாத குடும்பம் எத்தனை இருக்கிறது? அந்த அம்மன் கதையில், மாடு மேய்க்கிற பெடியங்களிடம் ஒரு கிழவி வருகிறாள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்கிறார்கள், கடல் தண்ணியை அள்ளி ஊற்று என்கிறாள், விளக்கு எரிகிறது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்! நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன கார்ட்டூன் வேண்டும்? என் அறையில் ஒரு அம்மம்மா இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருந்த பேத்தி வாயைத் திறந்தபடி இருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப தலைக்குச் சோப் போட்டா அவ்வளவு கண்ணும் எரியாதா?" அம்மம்மா "சாமியை அப்பிடிக் கேக்கக்கூடாது" என்று அதட்டப் போனார், நான்தான் கையைக் காட்டி மறித்தேன். தன் தலையில் சோப் போட்டு எரிந்ததை எடுத்துக் கதைக்குள் வைக்கிறாள், "போட்டா" என்று நிபந்தனை வைக்கிறாள், வராத ஒன்றை நினைத்துப் பார்க்கிறாள். இந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை பிள்ளைகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறேன் தெரியுமா.

இன்னொரு அம்மம்மா, புதுக்குடியிருப்புப் பக்கம். "என்னட்ட என்ன கதை பிள்ளை இருக்கு, ஓடின கதையும் பங்கருக்க இருந்த கதையும்தான்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 2009இல் போரின் கடைசியைக் கண்ட வீடுகளில் கதை நின்றுபோனதற்குப் போனை மட்டும் காரணம் காட்ட முடியாது. அந்தக் கதையை நாலு வயதுப் பேரனுக்குச் சொல்ல வேண்டாம், அவனே வளர்ந்து ஒரு நாள் கேட்பான். அதற்கு முந்தின ஒன்றைச் சொல்லலாம். வீட்டில் மாடு நின்றதா என்று கேட்டேன். நின்றதாம், செத்தல் மிளகாய்ப் பாயில் படுத்து உருண்டுவிட்டு நாள் முழுக்கத் தும்மின ஒரு நாம்பன். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது பேரன்தான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னான். நாம்பனுக்கு இப்போது செட்டை முளைத்திருந்தது, தும்மித் தும்மிப் பறந்து இரணைமடுக் குளத்துக்குள் விழுந்ததாம்.

அவனை யாரும் "பொய் சொல்லாதே" என்று அதட்டவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஏனென்றால் மற்ற வீடுகளில் அதுதான் நடக்கிறது. "ராத்திரி எங்கட வளவுக்குள்ள பச்சை ஆனை வந்தது" என்று பிள்ளை தொடங்கும்போதே "ஆனை எங்க பச்சையாய் இருக்கும், பொய்க்காரி" என்று வாயை அடைத்துவிடுகிறோம். களவெடுத்துவிட்டு இல்லை என்பது பொய். பச்சை ஆனை பொய் இல்லை. "அப்பிடியா, வந்து என்ன செய்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு வராது. பிள்ளை சொல்லைத் தேடுகிற அந்தக் கொஞ்ச நேரம் எங்களுக்கு யுகமாகத் தெரிகிறது, நாங்களே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

பிழையாகச் சொன்னால் திருத்துவதும் அப்படித்தான். "நாய் கடிச்சுது" என்பதை "தாய் தடிச்சுது" என்று சொன்னால் "பிழை, திருப்பிச் சொல்லு" என்று மூன்று தரம் சொல்ல வைத்தால் நாலாம் தரம் பிள்ளை நாயைப் பற்றியே கதைக்காது. "ஐயோ, நாய் கடிச்சுதா? ஆரைக் கடிச்சுது?" என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் போங்கள், போதும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் "மாமாவுக்குக் கதை சொல்லிக் காட்டு" என்று முன்னால் நிறுத்துவதையும் தயவுசெய்து விடுங்கள்.

புத்தகம் இல்லை என்கிறவர்களுக்கு: அலுமாரிக்குள் கலியாண அல்பம் இருக்கிறதா? அதை எடுத்து மடியில் வையுங்கள். "இது ஆர், ஏன் அழுகிறா, சாப்பாட்டுப் பந்தியில என்ன நடக்குது" என்று கேட்டுக் கேட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்பவரின் குழு ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்தது. சில பெற்றோர் வழமைபோல வாசித்தார்கள், சிலரை இடையிடையே கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் பழக்கினார்கள். மாத முடிவில் இரண்டாம் கூட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் முன்னுக்கு நின்றார்கள். நாலு நாலரை வயதானால் நொடியும் (விடுகதை) போடலாம். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்." தேன்கூடு என்று உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாள் அலையவிடுங்கள்.

கொப்பி விஷயம். விஜயதசமிக்கு ஏடு தொடக்கி அரிசியில் விரலைப் பிடித்து "அ" எழுதுவிப்பது எனக்கும் பிடிக்கும். அடுத்த நாளே கொப்பியும் பென்சிலும் கொடுத்து ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு ஓடத் தொடங்குகிறோமே, அது எதற்கு? மூன்று வயதுக் கைக்குப் பென்சில் இன்னும் பாரம். முன்பள்ளி ரீச்சர்மாரைக் குறை சொல்லவும் முடியாது. கொப்பியில் எழுத்து இல்லாவிட்டால் "அங்க ஒண்டும் படிப்பிக்கிறேல்ல" என்று பெற்றோரே வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். எழுத்தை முதலாம் தரத்தில் படிப்பிப்பார்கள். வாய் நிறையச் சொல்லோடு போகிற பிள்ளைக்கு அங்கே எழுத்து ஏறும். ஆங்கிலமும் தாராளமாகப் படிக்கட்டும், இரண்டு மொழி கேட்பதால் பேச்சுப் பிந்தாது. ஆனால் உங்களுக்கே முழுதாக வராத ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளையோடு குடும்பம் நடத்தாதீர்கள்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத இடங்கள். 12 மாதத்தில் "பாபா, மாமா" என்று மழலை ஒலியும் இல்லை, கை நீட்டிக் காட்டுவதும் இல்லை. 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலென்றாலும் இருந்த பேச்சுப் போய்விட்டது. இதில் ஒன்று இருந்தால் வாருங்கள். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று பேசாமல் இருக்க வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்க்க வேண்டாம். நாக்கின் அடியில் வெட்டினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காதுச் சோதனைதான் முதல் வேலை, கை தட்டினால் திரும்பிப் பார்க்கிறது என்பது காதுச் சோதனை இல்லை. 18 மாத ஊசிக்கும் மூன்று வயது ஊசிக்கும் எப்படியும் கிளினிக் போவீர்கள்தானே, அந்தக் கையோடு மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டால் எங்களிடம் அனுப்புவார்.

வரும்போது பிள்ளை வீட்டில் கதைப்பதை ஒரு இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னைக் கண்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அதற்குப் போன் நல்ல சாமான்.