வசன அட்டையை நீட்டுவதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்

மறுபடியும் அதே கதை. கடலூர் முதுநகர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு 27 வயது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நர்சிங் படித்தவள். வெளிநாட்டு வேலைக்கான தேர்வு கைகூடவில்லை, கூடிவந்த வரன் ஒன்றும் தட்டிப்போனது. மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை எடுத்து, தேறி, உள்ளூரில் வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு உபவாச ஜெபத்தில் யாரோ அவள் தலையில் கை வைத்து, "கர்த்தர் உன்மேல் பெரிய திட்டம் வைத்திருக்கிறார், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்றிருக்கிறார்கள். அன்றோடு மாத்திரை நின்றது. இப்போது கழுத்தெலும்பு தெரிய, தலை வாராமல் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். செல்போன் உறைக்குள்ளிருந்து, புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று எடுத்த வேத வசன அட்டையை (வாக்குத்தத்த அட்டை என்போம்) உருவி மேஜைமேல் வைத்தாள். எரேமியா 29:11. மூலை மடங்கி, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உரிந்துபோன அட்டை. "இது எனக்குச் சொன்னது இல்லை டாக்டர். நான் யாருக்கும் பிரயோஜனமில்லை" என்றாள். அம்மா குறுக்கிட்டு, "அப்படியெல்லாம் பேசாதே, விசுவாசமா பேசு" என்று அதட்டினார்.

நான் மனநல மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆளும்கூட. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. வெளியாள் சொன்னால் "அவருக்கு விசுவாசம் கிடையாது" என்று தள்ளிவிடுவீர்கள். நான் உள்ளே இருந்துகொண்டு சொல்கிறேன். கிறிஸ்தவ விசுவாசம் மனிதனின் வாழ்வுக்கு அர்த்தம் தருகிறது என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் நம் வீடுகளிலும் ஜெபக்கூட்டங்களிலும் "அர்த்தம்", "திட்டம்", "அழைப்பு" என்ற பெயரில் ஊட்டப்படுவதில் பாதி, நம் வேதத்திலேயே இல்லாதது.

அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." என்று தொடங்கும் வசனம். எதிர்பார்த்திருக்கும் முடிவு என்றதும் ஒருவருக்கு விசா, ஒருவருக்கு அரசு வேலை, ஒருவருக்கு நல்ல வரன். வருடம் முடிகிறது, ஒன்றும் வரவில்லை. அப்புறம் இரண்டே வழி: ஒன்று கடவுள் பொய் சொல்லிவிட்டார், இல்லையென்றால் எனக்குத் தகுதியில்லை. பக்தியுள்ள பிள்ளைகள் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

தயவுசெய்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து ஒரு முறை வாசியுங்கள். அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன யூத ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. வீடு, நிலம், ஆலயம் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தர் பெயரால் அறிவிக்கிறான். கேட்பதற்கு எவ்வளவு இதமான தீர்க்கதரிசனம்! அவனைத்தான் வேதம் பொய் சொன்னவன் என்கிறது. எரேமியா சொன்ன கணக்கு 70 வருடம். அதாவது, கடிதத்தைப் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்ணை மூடப்போகிறவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்படுகிறது. தனி ஆள் ஒருவரின் வேலைக்கோ விசாவுக்கோ கொடுத்த உத்தரவாதம் இல்லை, ஒரு ஜனத்தையே கைவிடமாட்டேன் என்ற வாக்கு.

சரி, அந்த 70 வருடம் என்ன செய்வது? அதுவும் அதே கடிதத்தில் இருக்கிறது, 5-ஆம் வசனத்திலிருந்து. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். இதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

இந்தப் பகுதி எனக்கு விளங்கியது 2011 டிசம்பர் 30-க்குப் பிறகுதான். தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்ட பின்பு, "இனி எதற்கு இருக்கணும்" என்று வந்தவர்கள் பலர். அவர்களில் வயதான ஒரு விவசாயி, அப்பா வைத்த மரங்கள் போனதைச் சொல்லி அழுதார். அடுத்த முறை வந்தபோது நகத்திடுக்கில் செம்மண். பலாக்கன்று வைத்துவிட்டு நேராக வந்திருந்தார். "நான் சாப்பிடுவேனா தெரியாது டாக்டர், பேரன் சாப்பிடுவான்" என்றார். எரேமியா எழுதிய கடிதத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை, அவர் கிறிஸ்தவரும் இல்லை. ஆனால் வாழ்க்கையின் பொருள் எங்கே இருக்கிறது என்பதை, பிரசங்க மேடையில் கேட்டதைவிட அவரிடம் தெளிவாகக் கண்டேன்.

இயேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அதுவரை அவர் என்ன செய்திருந்தார்? ஒரு குருடனுக்கும் கண் திறக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஏறக்குறைய 30 வயது வரை நாசரேத்தில் தச்சு வேலை. பிரியம் முதலில் வந்தது, வேலை பின்னால் வந்தது. நம் வீடுகளில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மார்க் வாங்கினால் பிரியம், சம்பளம் வந்தால் பிரியம், சர்ச்சில் எல்லார் முன்பும் எழுந்து, கடவுள் செய்த நன்மை இது என்று சாட்சி சொல்லும்படி ஏதாவது நடந்தால் பிரியம். நடக்காத பிள்ளைக்குச் சாட்சி நேரத்தில் எழுந்து சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பத்து நிமிடம் அது பெஞ்சில் எப்படிக் கூனி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு முறையாவது திரும்பிப் பாருங்கள்.

பொருத்தனைப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இவன் பிறந்தால் ஊழியத்துக்குத் தருகிறேன்" என்று அம்மா நேர்ந்துகொண்டிருப்பார். பையனுக்கு அதில் நாட்டமில்லை, அல்லது இறையியல் கல்லூரியிலோ குருமடத்திலோ சேர்ந்துவிட்டு முடியாமல் திரும்பி வந்திருப்பான். வீட்டில் கரண்ட் போனாலும், அப்பாவுக்குச் சர்க்கரை ஏறினாலும், "நீ கர்த்தரை ஏமாற்றினதால்தான்" என்று பேச்சு. ஐடி கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தும் தன்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டு தூக்கம் இழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களோடு சேர்ந்து மாற்கு 5-ஆம் அதிகாரம் வாசிப்பேன். பிசாசு பிடித்துக் கல்லறைகளில் திரிந்து, பிறகு இயேசுவால் சுகம்பெற்ற மனிதன், கூடவே வருகிறேன் என்று இயேசுவைக் கெஞ்சுகிறான். இயேசு அனுமதிக்கவில்லை. உன் வீட்டுக்குப் போய், உன் இனத்தாரிடத்தில் சொல் என்று அனுப்பிவிடுகிறார். வீட்டுக்குப் போவதும் அழைப்புதான். லூக்கா வைத்தியர். லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த துணி விற்றாள். பவுலே கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார். யோப்பா துறைமுகத்தில் தபீத்தாள் செத்தபோது, விதவைகள் அழுதுகொண்டே காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான். ஊழியம் என்றால் மைக் என்று யார் சொன்னது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் பெற்றோர், இவர்களும் "இனி நான் எதற்கு" என்றே வருகிறார்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது வாரத்தில் இரண்டு நாள் போய்வர ஓரிடமும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும். சர்ச்சுகள் இதை எளிதாகச் செய்யலாம், கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியங்கள் சில இடங்களில் நன்றாகவே செய்கின்றன.

இப்போது என் தொழில் சார்ந்த விஷயம். "வாழ்க்கைக்கு அர்த்தமில்லை" என்பது எல்லா நேரமும் ஆன்மீகக் கேள்வி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியில்லை, பிடித்த பாட்டுகூடக் காதில் ஏறவில்லை என்றால் அது நோய். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைவு இவற்றிலும் இப்படி வரும், இரத்தப் பரிசோதனை தேவைப்படும். பக்தியுள்ளவர்களிடம் இந்த நோய் பக்தியின் மொழியிலேயே பேசும். மன்னிப்பே இல்லாத பாவம் செய்துவிட்டேன், பரிசுத்த ஆவிக்கு விரோதமாய்ப் பேசிவிட்டேன், ஜெபம் மேலே போகவில்லை என்பார்கள். பாவ அறிக்கை செய்தாலும் அந்தக் குற்ற உணர்வு இறங்காது. நோய் தணிந்தால் தானாக இறங்கும். நாங்கள் இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம்.

இதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து அதட்டவில்லை, விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. வேலையைப் பற்றிய பேச்சு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு.

அர்த்தம் என்பதை உணர்ச்சியோடு குழப்பிக்கொள்வது இன்னொரு தொல்லை. ஆராதனையில் கண்ணீர் வரவில்லை, ஆகவே தேவன் என்னோடு இல்லை என்கிறார்கள். 2007-இல் வெளியான அன்னை தெரசாவின் கடிதங்களில், பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே அவர் வாழ்ந்தது தெரியவந்தது. உணராமலே காலையில் எழுந்தார், ஜெபித்தார், நோயாளிகளைத் தூக்கினார். அவரை 2016-இல் திருச்சபை புனிதர் என்று அறிவித்தது.

குடும்பத்தாருக்கு நான் சொல்ல வேண்டியது:

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். தேறிவிட்டோம் என்று நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி விழுகிறார்கள். ஜெபியுங்கள், உபவாசம் இருக்க விரும்பினால் நீங்கள் இருங்கள். நோயில் மெலிந்து கிடக்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

"செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் வாயை அடைக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: சாகணும் என்ற எண்ணம் வருகிறதா, எப்படி என்று யோசித்தாயா? கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல முடிந்ததே என்று பாரம் குறையும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். தனியே விடாதீர்கள்.

முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டும், ஜெபவீட்டுக்கு அப்புறம் போகலாம். இரவு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லையா, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கடலூர் அரசு மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

பாஸ்டர்மார்களிடமும் ஃபாதர்களிடமும் கைகூப்பிக் கேட்கிறேன். உங்கள் வார்த்தைக்கு என் மருந்துச் சீட்டைவிட மதிப்பு அதிகம், அதை நான் தினமும் பார்க்கிறேன். "மாத்திரையையும் சாப்பிடு, நானும் ஜெபிக்கிறேன்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குடும்பம் தைரியமாக என்னிடம் வரும். வரும் டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த அட்டை அச்சடிக்கும்போது, எரேமியா 29-இன் 5-ஆம் வசனத்தையும் 7-ஆம் வசனத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

மருந்தை ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? திட்டுவேன் என்று பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டாம், கூட்டிக்கொண்டு வாருங்கள். பழைய மருந்துச் சீட்டையும் மீதி மாத்திரையையும் கையோடு எடுத்து வாருங்கள். எந்த அளவில் எப்படி மறுபடி தொடங்குவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.