அடுப்புக்கு மூச்சு தரும் குழாய்

ஊதுகுழலை எடுத்துக் குனிந்து ஊதினால்தான் எரியும் அடுப்பு, தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ள முடியாத அடுப்பு. அந்த வேலையைச் சமைப்பவரின் நுரையீரல் செய்கிறது; பதிலுக்குப் புகையை வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்குள் சூழும் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சிறிய வீட்டில் விறகடுப்பு போடுகிறவர்கள் மண்ணைக் குழைப்பதிலும் பானை உட்காரும் குமிழ்களின் உயரத்திலும் காட்டும் அக்கறையைப் புகைபோக்கியில் காட்டுவதில்லை. மீந்த இடத்தில் அதைச் செருகிவிடுகிறார்கள். உண்மையில் அடுப்பை இயக்குவதே அந்தக் குழாய்தான்.

விறகு எரிகிறது என்கிறோம். ஆனால் நாம் பார்க்கும் சுடர், விறகிலிருந்து வெளியேறும் வாயுக்களின் சுடர். சூடேறும் கட்டை 200, 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சிதைந்து வாயுக்களை விடுகிறது. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படியே போய்விடும், மிஞ்சுவது கரி. அந்த வாயுக்களுக்குப் போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் சுடராகும், கிடைக்காவிட்டால் புகையாகும். அதாவது, கண்ணைக் கரிக்கும் புகை முழுவதும் நாம் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு. பச்சை விறகின் எடையில் பாதிவரைகூட நீர் இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் கரைந்துவிடுவதால்தான் அது அவ்வளவு புகைகிறது.

இனி குழாயைப் பார்ப்போம். வெளியே 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1,165 கிராம் எடை இருக்கும். குழாய்க்குள் 150 டிகிரியில் அதே அளவு காற்றின் எடை 835 கிராம்தான். வெளியே கனமான காற்று, உள்ளே லேசான காற்று. கனமானது அடுப்பு வாய் வழியே உள்ளே தள்ளிக்கொண்டு வர, லேசானது மேலே எழுகிறது. மூன்று மீட்டர் உயரக் குழாயில் இந்த வேறுபாடு தரும் அழுத்தம் சுமார் 10 பாஸ்கல், அதாவது ஒரு மில்லிமீட்டர் ஆழத் தண்ணீர் தரும் அழுத்தம். இவ்வளவு மெல்லிய விசைதான் சமையலறையின் புகை முழுவதையும் கூரைக்கு மேலே கொண்டுபோகிறது. அதனால் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு அடைப்பும் அதற்குப் பெரிய தடை. வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் இழுவை கூடும். நம்முடைய சித்திரை வெயிலில் குறையும். ஆகவே குளிர்நாட்டாரைவிட நாம்தான் குழாயின் உயரத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

நம் கொடி அடுப்பு ஓர் அருமையான யோசனை. முதல் பானையைத் தொட்டுவிட்டு ஓடும் வெப்பத்தை மடக்கி இரண்டாவது பானைக்கு அடியில் அனுப்புகிறது. இதே ஆசையில் மூன்றாவது, நான்காவது வாய் வைத்தால் என்ன? அங்கேதான் சிக்கல். மிச்சமிருக்கும் வெப்பம்தான் குழாயின் எரிபொருள். 150 டிகிரியில் குழாய்க்கு வரவேண்டிய புகை 80 டிகிரியில் வந்தால் இழுவை பாதியாகிவிடும். குளிர்ந்த புகையிலிருந்து கீல் போன்ற கறுப்புப் பிசின் குழாயின் உட்சுவரில் படிந்து, பின்னொரு நாள் அதுவே தீப்பிடிக்கவும் கூடும். கொஞ்சம் வெப்பத்தை மனமாரக் குழாய்க்கு விட்டுத்தான் ஆக வேண்டும்.

குழாய் நேராக மேலே ஏறட்டும். அதன் வாய் கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முகட்டில் மோதிச் சுழலும் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள் அழுத்தும். கீற்றுக் கூரையானால் குழாயைச் சுற்றி ஒன்றரை அடிவரை ஓலையே இருக்கக் கூடாது. அங்கே தகரம் வேண்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமெண்ட் குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி அறுக்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. சுட்ட மண்குழாய் நல்லது.

சிறிய வீட்டில் மறந்துபோவது, காற்று உள்ளே வரும் வழி. ஒரு கிலோ விறகு முழுமையாக எரியக் குறைந்தது ஐந்து கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அதைப் போல் இரு மடங்கு போகும். பத்துக்குப் பத்து அறையில், எட்டடி உயரத்தில், இருப்பதே சுமார் 23 கன மீட்டர். இரண்டு கிலோ விறகு எரிந்தால் அறைக் காற்று ஏறக்குறைய முழுவதும் மாறியிருக்க வேண்டும். மழைக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்தால் குழாய் எங்கிருந்து இழுக்கும்? அடுப்பு வாயருகே சுவரில் ஒரு சாணுக்குத் துளை விடுங்கள். தணல் கனியும் வேளையில் இது இன்னும் முக்கியம். சுடர் அணைந்து குழாய் குளிர்ந்த பின்னும் கங்குகள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மணமில்லை, கண்ணையும் கரிக்காது. குளிருக்காக அறைக்குள் கரிக்கனலை வைத்துத் தூங்கியவர்கள் எழாமல் போவது இதனால்தான்.

ஒடிசாவில் எஸ்தர் டுஃப்ளோவும் சக பொருளியலாளர்களும் புகைபோக்கி அடுப்பு கொடுக்கப்பட்ட குடும்பங்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் ஆண்டில் உள்ளிழுத்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துபோனது. மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் இல்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, குழாயை எளிதாகத் துடைக்கும் வழியையும் சேர்த்துக் கட்டித்தர வேண்டும். குழாயின் அடியில் கையளவு திறப்பு விட்டு ஒரு செங்கல்லால் மூடிவையுங்கள். மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியிருக்கும்போது, கயிற்றில் தேங்காய் நார்க் கட்டையும் ஒரு கல்லையும் கட்டி மேலிருந்து இறக்கி இழுத்தால் கரி உதிர்ந்துவிடும். திறப்பு வழியே வாரி எடுக்கலாம்.

காலையில் அடுப்பு மூட்டுமுன் அந்தத் திறப்பில் ஒரு காய்ந்த தென்னோலையைக் கொளுத்திக் குழாயைச் சூடேற்றிவிட்டு மூடுங்கள். பிறகு அடுப்பு வாயருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை வளைந்து உள்ளே நுழைந்தால் விறகை வைக்கலாம். அறைப்பக்கம் திரும்பினால் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது.