ரீமேக்: மறுஆக்கம், தழுவல், வழிநூல்

ரீமேக் (பெயர்ச்சொல்; 'ரிமேக்' என்றும் எழுதுவர்): முன்பு வெளிவந்த ஒரு படத்தின் கதையை, உரிமை வாங்கி, புதிய நடிகர்களையும் புதிய படப்பிடிப்பையும் கொண்டு மறுபடி எடுப்பது; அப்படி எடுத்த படம். தமிழில் மறுஆக்கம், மீளாக்கம்.

'ரீ' என்பது 'மறுபடி' என்னும் பொருள் தரும் இலத்தீன் முன்னொட்டு. 'மேக்' என்பது 'செய்' என்னும் பொருளில் பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது. படத்தைக் குறிக்கும் தொழிற்சொல்லாக இது வேரூன்றியது பேசும் படம் வந்தபிறகுதான். மௌனப் படமாக ஓடிய கதைகளுக்கெல்லாம் குரல் கொடுத்து மறுபடி விற்கலாம் என்று ஹாலிவுட் கண்டுகொண்ட காலம் அது. பேய் வீட்டுக் கதைகள் அப்போதே வரிசையில் முன்னால் நின்றன. ஜான் வில்லர்டின் 1922ஆம் ஆண்டு நாடகமான 'தி கேட் அண்ட் தி கேனரி'யைப் பால் லெனி 1927இல் மௌனப் படமாக எடுத்தார். 1930இல் அதுவே 'தி கேட் க்ரீப்ஸ்' என்ற பேசும் படம் ஆனது. 1939இல் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பை வைத்து மீண்டும் வந்தது. இருண்ட மாளிகை, உயில் வாசிக்கும் இரவு, வாரிசுக் கூட்டம் என்று சரக்கு ஒன்றுதான். ஒரு வீடும் ஏழெட்டு நடிகர்களும் போதும் என்பதால் செலவும் கட்டுக்குள் நிற்கும். ஒலி, வண்ணம், கணினி வரைகலை என்று புதுக் கருவி எது வந்தாலும் அதே வீட்டைத் திறந்து காட்டலாம்.

இனி, எது ரீமேக் இல்லை என்று பார்க்கலாம். படம் அதுவே, குரல் மட்டும் வேறு மொழி என்றால் டப்பிங், அதாவது மொழிமாற்றம். பழைய பிரதியைத் துலக்கி மறுபடி திரையிட்டால் மறுவெளியீடு. நாவலிலிருந்தோ நாடகத்திலிருந்தோ எடுத்தால் தழுவல். தொடர் படங்களின் கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் ரீபூட். திரை வணிகத்தில் ரீமேக் உரிமையும் டப்பிங் உரிமையும் தனித்தனிச் சரக்கு, அதுவும் மொழிவாரியாக விற்பவை. செய்திகளில்தான் எல்லாவற்றையும் 'ரீமேக்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

எல்லை கலங்கும் இடமும் உண்டு. ஷெர்லி ஜாக்சன் என்ற எழுத்தாளரின் 1959ஆம் ஆண்டுப் பேய் வீட்டு நாவலை ராபர்ட் வைஸ் 1963இல் 'தி ஹாண்டிங்' என்று எடுத்தார். யான் டி போன்ட் 1999இல் அதே தலைப்பில் எடுத்தார். நாவலை வைத்துப் பார்த்தால் இரண்டும் தழுவல்கள். பார்வையாளர் 1963ஆம் ஆண்டுப் படத்தை மனத்தில் வைத்து இருக்கையில் அமர்ந்ததால் இரண்டாவது ரீமேக்காகவும் ஆயிற்று. பெயர் சூட்டுவதில் ஒப்பந்தத்துக்கு ஒரு பங்கு என்றால், பார்ப்பவரின் நினைவுக்கு இன்னொரு பங்கு.

இதற்கு நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கும் நன்னூல், வழிநூலுக்கு இலக்கணம் சொல்கிறது: முன்னோர் நூலின் முடிபோடு (முடிந்த கருத்தோடு) முழுவதும் ஒத்திருக்க வேண்டும், பின்னோன் விரும்பும் விகற்பத்தையும் (வேறுபாட்டையும்) கூற வேண்டும், மரபு அழியக் கூடாது. நன்னூலை எழுதிய பவணந்தியார் சொன்னது நூல்களுக்குத்தான். ஆனாலும் முடிபு, விகற்பம் என்ற இந்த இரண்டு சொல்லையும் கையில் எடுத்துக்கொண்டால் ரீமேக் சண்டைகளில் பாதி விளங்கிவிடும். படத்துக்கு முடிபு என்பது கடைசிக் காட்சி மட்டும் அன்று. அந்தக் கதை எதைக் கொண்டு பயமுறுத்துகிறது என்பதும் அதில் அடங்கும்.

1963ஆம் ஆண்டுப் படத்தில் பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படாது. அறைக்குள் இரண்டு பெண்கள். வெளியே இடி இடிப்பதுபோலச் சத்தம். இன்னொரு காட்சியில் மூடிய பெரிய மரக்கதவு மூச்சு வாங்குவதுபோல உள்நோக்கிப் புடைக்கிறது. மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்த கதவை மறுபக்கத்திலிருந்து ஆள் தள்ளியதுதான் அந்த மாயம். அமானுஷ்யம் வீட்டில் இருக்கிறதா, நாயகியின் மனத்தில் இருக்கிறதா என்று படம் சொல்லாது. 1999இல் 8 கோடி டாலர் செலவில் வந்த படத்தில் மரச்சிற்பங்கள் உயிர்பெறுகின்றன, கட்டில் கூண்டாகிறது, மாளிகைக்காரன் கணினி வரைகலையில் பேருருவமாக வந்து நிற்கிறான். ஐயத்துக்கு இடமே இல்லை. விகற்பம் ஏராளம், முடிபு போயிற்று. அரங்க அமைப்பைப் புகழ்ந்த விமர்சகர்கள்கூடப் பயத்தைப் புகழவில்லை. மோசமான படங்களுக்கான ராஸி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரை கிடைத்தது. வசூலோ உலக அளவில் 17 கோடி டாலரைத் தாண்டியது. சொற்பச் செலவில் எடுத்த, சூனியக்காரியைக் கடைசிவரை காட்டாத 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' அதே ஜூலையில் திரைகளை நிறைத்தது காலத்தின் குறும்பு.

முடிபைக் காத்து விகற்பத்தை விளையாடவிட்டதற்குச் சான்று நம் பக்கமே இருக்கிறது. 1993இல் ஃபாசில் மலையாளத்தில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்', 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', 2005இல் தமிழில் 'சந்திரமுகி' (இரண்டுக்கும் இயக்குநர் பி. வாசு), 2007இல் இந்தியில் பிரியதர்ஷனின் 'பூல் புலையா'. மலையாளத்தில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறவள். வீட்டு மருமகள் திடீரென்று தமிழில் சீறும்போது, தெரிந்த முகத்திலிருந்து தெரியாத மொழி வருகிறதே என்று மலையாளக் குடும்பம் உறைந்துபோகிறது. மருமகள் கங்காவுக்கு ஒரு குரல், நாகவல்லிக்கு வேறொரு குரல் என்று டப்பிங் செய்திருந்ததும் அதற்காகத்தான். இதே வசனத்தைத் தமிழில் அப்படியே வைத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு மருமகள் தமிழ் பேசுவதில் யாருக்கு என்ன பயம்? ஆகவே சந்திரமுகி தெலுங்குக்காரி ஆனாள், 'ரா ரா' என்று பாடினாள். இந்தியில் மஞ்சுளிகா வங்காளி. பேயின் மொழி மாறியது. 'பேய்க்கு அயல்மொழி' என்ற பொறி மாறவில்லை. சுழலும் பலகையில் ஆளை மாற்றிப் பொம்மையை வெட்டவைக்கும் வைத்தியமும் தமிழில் அப்படியே இருக்கிறது.

அதற்காக எல்லாரும் மெச்சினார்கள் என்று சொல்ல முடியாது. மூலத்தைப் பார்த்தவர்களின் நிலையான குறை, தமிழில் கதை நாயகியிடமிருந்து நாயகனிடம் சாய்ந்துவிட்டது என்பது. மோகன்லாலின் மருத்துவர் வீட்டின் மர்மம் நன்கு கனிந்த பிறகே வருவார். ரஜினிகாந்த் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா? அதனால் பயம் திரளும் வேகம் குறைந்தது உண்மை. திரையரங்கு வேறு தீர்ப்பு சொன்னது: சென்னை சாந்தி திரையரங்கில் படம் 800 நாள்களைத் தாண்டி ஓடியது.

விமர்சகர் கருத்தும் பார்வையாளர் கருத்தும் பிரிவதைப் பற்றி எழுதும்போது எண்களைக் கவனமாகக் கையாள வேண்டும். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் ஒரு படத்துக்கு 40% என்றால் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் என்று பொருள் இல்லை; நூறு விமர்சகர்களில் நாற்பது பேர் 'பார்க்கலாம்' என்றார்கள் என்பதே. நூறு பேரும் 'சுமார், பார்க்கலாம்' என்றாலும் 100% வரும். சினிமாஸ்கோர் வேறு வகை: அமெரிக்காவில் முதல் நாள் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் அட்டையைக் கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கேட்பார்கள். முதல் நாள் வருகிறவர் விளம்பரத்தை நம்பி வந்தவர் என்பதால், அந்தத் தரம் விளம்பரம் சொன்னதற்கும் படம் தந்ததற்கும் உள்ள தூரத்தையே பெரும்பாலும் அளக்கிறது. பேய்ப் படங்களுக்கு சி வருவதே வழக்கம்; பி வந்தால் கொண்டாட்டம்.

உருகுவே நாட்டின் 2010ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் ரீமேக்கான 'சைலன்ட் ஹவுஸ்' 2012இல் எஃப் வாங்கியது. எலிசபெத் ஓல்சனின் நடிப்பையும் ஒரே ஷாட் போலத் தோன்றும் படப்பிடிப்பையும் விமர்சகர்கள் பலர் பாராட்டியிருந்தனர். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று நம்பிப் பயந்தவர்களுக்கு, இருப்பதெல்லாம் அந்தப் பெண்ணின் பழைய காயம்தான் என்று கடைசியில் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும். 'தி க்ரட்ஜ்' கதை இன்னும் சுவையானது. தகாஷி ஷிமிசு தன் ஜப்பானியப் படத்தைத் தானே 2004இல் அமெரிக்காவுக்காக எடுத்தார், வீட்டை டோக்கியோவிலேயே வைத்தார்; முதல் வார இறுதியிலேயே 3.9 கோடி டாலர் வசூல். 2020இல் அதே தலைப்பில் வந்த படத்தை ரீமேக் என்பதா, ரீபூட் என்பதா என்றே குழப்பம். கதையோ 2004ஆம் ஆண்டுப் படத்தின் நிகழ்வுகளை ஒட்டியே அமெரிக்க வீடொன்றில் நகர்கிறது. அதற்கும் எஃப்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'மறுபதிப்பு' அச்சு நூலுக்கு உரியது, படத்துக்கு வேண்டாம். 'மீட்டுருவாக்கம்' சிதைந்த பிரதியைச் சீர்படுத்துவது. 'மறுதயாரிப்பு' தயாரிப்பாளரின் பணியை மட்டும் சுட்டுகிறது. 'வழிப்படம்' என்று புதிதாக ஆக்கலாம், ஆசையும் இருக்கிறது. விளக்கம் இல்லாமல் படிப்பவருக்கு 'வழியில் பார்த்த படம்' என்று தோன்றிவிடும். கட்டுரைக்கும் செய்திக்கும் 'மறுஆக்கம்' போதும். மறு + ஆக்கம் புணர்ந்தால் 'மறுவாக்கம்' என்றாகும்; அது 'மறு வாக்கு' போல ஒலிப்பதால் பலர் பிரித்தே எழுதுகிறார்கள், தவறில்லை. 'மீளாக்கம்' புணர்ச்சியில் தடுக்காது, சுருக்கமாகவும் இருக்கும், தலைப்புக்கு ஏற்றது. வினையாக வரும்போது 'மறுஆக்கம் செய்யப்பட்டது' என்று நீட்டாமல் 'தமிழில் மீண்டும் எடுத்தார்கள்' என்றாலே போதும். பேச்சிலும் வசனத்திலும் ரீமேக் ரீமேக்காகவே இருக்கட்டும்.